சங்குரான் கல்லும் சாபமும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

நான் சிங்கப்பூரில் வசிக்கிறேன். இந்த ஊரை நிறுவிய ஆங்கிலேயர் ராஃபிள்ஸ் பெயரில் பள்ளியும் மருத்துவமனையும் ஹோட்டலும் உள்ள ஊர். அவரைப் பற்றிப் பாடப்புத்தகத்தில் படித்தது தவிர வேறொன்றும் தெரியாது. சென்ற வாரம் ஒரு காணொளி பார்த்தேன். ராஃபிள்ஸ் ஜாவாவிலிருந்து பெயர்த்தெடுத்து அனுப்பிய ஆயிரம் ஆண்டுப் பழமையான சங்குரான் என்ற கல்வெட்டு, ஸ்காட்லாந்தில் மிண்டோ பிரபுவின் பரம்பரை எஸ்டேட்டில் தோட்டத்து நடுவே நிற்கிறதாம். அந்தக் கல்லைத் தொந்தரவு செய்பவன் எப்படிச் சாக வேண்டும் என்று கல்லிலேயே கொடூரமாக எழுதியிருக்கிறதாம். கல்லைப் பெற்றுக்கொண்ட மிண்டோ வீடு போய்ச் சேராமல் வழியிலேயே இறந்தார். ராஃபிள்ஸின் மனைவி இறந்தார், பிள்ளைகள் இறந்தார்கள், கப்பல் எரிந்தது, நாற்பத்தைந்தாவது பிறந்தநாளுக்கு முந்தைய நாள் அவரும் இறந்தார். கேட்கக் கேட்க உடம்பு சிலிர்த்தது.

என் கணவர் சிரிக்கிறார். “எங்கள் ஊரில் குலதெய்வக் கோயில் கல்வெட்டின் மேல் சிமெண்ட் பூசிப் பெயிண்டும் அடித்துவிட்டார்கள். வெள்ளைக்காரன் கொண்டுபோனதால்தான் அந்தக் கல்லாவது பிழைத்தது” என்கிறார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. சாபம் பலித்தது என்று நீங்கள் நம்புகிறீர்களா? அந்தக் கல் அங்கேயே இருப்பதில் என்ன தவறு?

க.,
சிங்கப்பூர்

அன்புள்ள க.,

சாபம் பலித்ததாக நான் நம்பவில்லை. ஆனால் அந்தச் சாபத்தை நான் மிகவும் மதிக்கிறேன். உங்கள் காணொளியை எடுத்தவர்கள் அதை மதிக்கவில்லை என்பதே என் வருத்தம்.

முதலில் சாவுகளைப் பார்த்துவிடுவோம். முதலாம் மிண்டோ பிரபு கில்பர்ட் எலியட், 1807 முதல் 1813 வரை இந்தியாவின் கவர்னர் ஜெனரல். நாம் பள்ளியில் படித்த மிண்டோ–மார்லி சீர்திருத்தத்தின் மிண்டோ இவருடைய கொள்ளுப்பேரன். மனைவியை ஸ்காட்லாந்தில் விட்டுவிட்டு வந்தவர், பதவி முடிந்து 1814 மே மாதம் இங்கிலாந்தில் இறங்கினார். அந்த மாத இறுதியில் அவருடைய மைத்துனர் ஆக்லண்ட் பிரபு இறந்தார். இரவில் நடந்த அந்த இறுதிச் சடங்கில் நின்ற மிண்டோவுக்குக் குளிர் கண்டது. அந்த நிலையிலேயே வடக்கே புறப்பட்டவர், ஜூன் 21 அன்று ஸ்டீவனேஜ் என்ற ஊரில் உயிர் விட்டார். வயது 63. ஏழாண்டுகளாகக் காத்திருந்த மனைவியை அவர் பார்க்கவே இல்லை. துயரமான முடிவுதான். அறுபதைத் தாண்டியவர், நீண்ட கடல் பயணம், குளிர் இரவு. இதற்கு மேல் காரணம் தேட வேண்டியதில்லை.

ராஃபிள்ஸ் வீட்டுச் சாவுகளும் அப்படித்தான். முதல் மனைவி ஒலிவியா 1814இல் ஜாவாவில் இறந்தார். இரண்டாம் மனைவி சோஃபியாவிடம் பிறந்த ஐந்து பிள்ளைகளில் நால்வர் சுமத்ராவில் உள்ள பெங்கூலனிலேயே இறந்தார்கள். பெங்கூலன் அன்று காய்ச்சலுக்கும் வயிற்றுப்போக்குக்கும் பேர்போன இடம். பெயர் பதிவாகாத எத்தனையோ சிப்பாய்களும் கூலிகளும் அவர்களுடைய குழந்தைகளும் அதே காய்ச்சலில் செத்தார்கள். அவர்கள் எந்தக் கல்லையும் தொடவில்லை.

காணொளிக்காரர்கள் சொல்லாத ஒரு சாவும் உண்டு. ஜான் லேடன் என்ற பெரும் மொழிப் புலமையாளர், மிண்டோ எஸ்டேட்டுக்குப் பக்கத்திலேயே உள்ள டென்ஹோம் என்ற சிற்றூரில் பிறந்தவர். 1803இல் சென்னைக்கு மருத்துவராக வந்து, மைசூர் அளவைப் பணியில் சேர்ந்து, இந்திய மொழிகளில் ஊறியவர். ராஃபிள்ஸின் உயிர் நண்பர். 1811இல் மிண்டோவுடன் ஜாவாவுக்குக் கப்பலேறினார். பதாவியாவில் (இன்றைய ஜகார்த்தா) காற்றோட்டம் இல்லாமல் பூட்டிக்கிடந்த ஒரு சுவடி அறைக்குள் ஆவலோடு நுழைந்தவருக்குக் காய்ச்சல் கண்டது. ஆகஸ்ட் 28இல் இறந்துவிட்டார், 35 வயதில். சங்குரான் கல்லை அப்போது யாரும் அசைக்கவே இல்லை. கல்லை அசைப்பதற்கு முன்பே செத்தவனுக்கும் அசைத்த பிறகு செத்தவனுக்கும் ஒரே காய்ச்சல்தான் காரணம் என்றால், சாபத்துக்கு அங்கே வேலை இல்லை.

பேய்க்கதையில் எனக்கு உள்ள உண்மையான மனக்குறை வேறு. சாபம் பலித்துவிட்டது என்று சொன்னால் கணக்குத் தீர்ந்துவிடுகிறது. எடுத்தவர்கள் தண்டனை அனுபவித்துவிட்டார்கள், இனி என்ன என்ற எண்ணம் வந்துவிடுகிறது. அதைவிட மோசம், ஒரு நாட்டின் சட்ட ஆவணத்தை மாந்திரீகப் பொருளாக்கிவிடுகிறோம்.

அந்தக் கல் என்ன சொல்கிறது என்று பாருங்கள். சக ஆண்டு 850, அதாவது கி.பி. 928. ஜாவாவின் மாதராம் அரசன் வாவா ஆள்கிறான். அவனுக்கு அடுத்த நிலையில் இருக்கும் பெரும் அதிகாரி சிண்டோக். கிழக்கு ஜாவாவில் இன்றைய மாலாங் வட்டாரத்தில், மலைச்சாரலில் உள்ள சங்குரான் என்ற ஊரை ‘சீமா’வாக அறிவிக்கிறார்கள். அந்த ஊரின் வருவாய், கொல்லர் தலைவர்களுக்கு உரிய ஒரு புனிதத் தலத்தின் தெய்வத்துக்குப் போக வேண்டும். அரசனின் வரி தண்டுவோர் இனி ஊர் எல்லைக்குள் கால் வைக்கக் கூடாது. நம் ஊர்க் கல்வெட்டுகளில் இறையிலி, தேவதானம் என்று வருமே, ஏறத்தாழ அந்த ஏற்பாடு. வேலை செய்த அரசு வேறு, கடல் வேறு, ஆனால் எழுத்தே நமக்கு உறவு. அன்று ஜாவாவில் எழுதிய கவி எழுத்து பல்லவ கிரந்தத்தின் வழியில் வந்தது.

வாவாவின் பெயரும் சிண்டோக்கின் பெயரும் ஒரே கல்லில் அடுத்தடுத்து வருவது வரலாற்றாசிரியர்களுக்குப் பெரிய செய்தி. மறு ஆண்டே, 929இல், சிண்டோக் அரசனாகிவிடுகிறான். தலைநகரம் மத்திய ஜாவாவை விட்டுக் கிழக்கே போய்விடுகிறது. பிரம்பானான் கோயில்களைக் கட்டிய மரபு தன் பழைய மண்ணை ஏன் விட்டுப் போனது? எரிமலை வெடிப்பு என்பார் உண்டு, படையெடுப்பு என்பார் உண்டு, கடல் வணிகத்தை நோக்கிய நகர்வு என்பாரும் உண்டு. எந்தப் பக்கம் நின்று வாதாடினாலும் இந்தக் கல்லைத் தொடாமல் வாதாட முடியாது. இடப்பெயர்ச்சிக்கு முன்பே மாதராம் அரசனின் ஆணை மாலாங் மலைச்சாரலில் செல்லுபடியானது என்பதற்கு இந்தக் கல் சாட்சி.

இனி சாபம். சீமா அறிவிப்பு என்பது கல்லில் எழுதுவதோடு முடியும் வேலை இல்லை. அதற்கு ஒரு சடங்கு உண்டு. அதை நடத்துபவர் மகுதூர் எனப்படும் சடங்கு அதிகாரி. ஊரார் எல்லோரும் கூடுகிறார்கள். பக்கத்து ஊர்ப் பெரியவர்கள் சாட்சிகளாக அழைக்கப்பட்டு, தகுதிக்கேற்பத் துணியும் பொன்னும் பெறுகிறார்கள். மகுதூர் ஒரு கோழியின் கழுத்தை வெட்டுகிறார். முட்டை ஒன்றை எல்லைக்கல்லின் மீது அடித்து உடைக்கிறார். சாம்பலைத் தூவுகிறார். உடைந்த முட்டை மீண்டும் ஒன்று சேராதது போல, இந்த எல்லையைக் குலைப்பவனும் பிழைக்கக் கூடாது என்பது அந்தச் செயலின் பொருள். பிறகு சாட்சிகளைக் கூவி அழைக்கிறார். ஞாயிறு, திங்கள், நிலம், நீர், காற்று, தீ, வானம், பகலும் இரவும், சந்திப் பொழுது, இவற்றோடு மனித நெஞ்சமும் சாட்சி. அந்தப் பட்டியலில் நெஞ்சத்தையும் சேர்த்த கை யாருடையதோ, அவரை வணங்குகிறேன்.

அதற்குப் பிறகுதான் நீங்கள் கேட்ட கொடுமையான வரிகள். அவனைத் தலை பிளந்து கொல்லுங்கள், வயிற்றைக் கிழியுங்கள், குடலை உருவுங்கள், இதயத்தைப் பிடுங்குங்கள், சதையைத் தின்னுங்கள், குருதியைக் குடியுங்கள். காட்டுக்குப் போனால் புலி தின்னட்டும், பாம்பு கடிக்கட்டும். வயல்வெளிக்குப் போனால் இடி விழட்டும். இவ்வளவும் யாருக்கு? காணொளியில் இதைச் சொன்னார்களா தெரியவில்லை. சுதந்திரனோ அடிமையோ, ஆணோ பெண்ணோ, துறவியோ இல்லறத்தானோ, அதிகாரியோ ஊர்த்தலைவனோ, யாராக இருந்தாலும் என்று கல் சொல்கிறது. ஊர்க் கொல்லர்களின் உரிமையை நாளைக்கு வரும் ஒரு பெரிய அதிகாரி பறித்துக்கொள்ளலாம் என்று அன்றைக்கே அவர்களுக்குத் தெரியும். காவலும் கோர்ட்டும் எட்டாத மலைச்சாரலில், எளியவர்கள் வலியவர்களுக்கு எதிராக எழுதிவைத்த ஷரத்து அது. நம் கல்வெட்டுகளில் ‘கங்கையிடைக் குமரியிடைச் செய்தார் செய்த பாவம் கொள்வார்’ என்று முடிப்பதும் இதே அச்சத்தில்தான்.

சடங்கில் அந்தக் கல்லை அவர்கள் சும்மா கல் என்று குறிப்பிடுவதில்லை, தெய்வத்துக்கு உரிய அடைமொழி சேர்த்து ‘சங் ஹ்யாங் வாது சீமா’ என்கிறார்கள். முட்டை உடைத்து, சாம்பல் தூவி, ஊர் கூடி நட்ட பிறகு அது அந்த எல்லையின் தெய்வம். வேறு எந்தக் கலைப்பொருளைக் காட்டிலும் இதை இடம் மாற்றுவது ஏன் கூடுதல் தவறு என்றால், இடத்தில் நிற்பதுதான் இதன் வேலை. ஒரு சிலையை எங்கே வைத்தாலும் அது ஓரளவு சிலையாகவே இருக்கும். எல்லைக்கல் எல்லையை விட்டு நீங்கினால் பத்திரத்தைக் கிழித்த மாதிரிதான்.

இதைப் பெயர்த்தெடுத்த கதைக்கு வருகிறேன். 1811 ஆகஸ்டில் பிரிட்டிஷ் படை ஜாவாவில் இறங்குகிறது. கவர்னர் ஜெனரல் மிண்டோவே கூட வருகிறார். படையில் வங்கச் சிப்பாய்கள் பெருமளவில் இருந்தார்கள், சென்னை ராஜதானியின் பயனியர் படைப் பிரிவும் இருந்தது. தலைமைப் பொறியாளர் காலின் மெக்கன்சி. ஆம், நம் மெக்கன்சிதான். சென்னை கீழ்த்திசைச் சுவடி நூலகத்தில் உள்ள மெக்கன்சி சுவடிகளை ஒருமுறையாவது புரட்டாமல் தமிழக வரலாறு எழுதுபவர் இல்லை. ஊர் ஊராக ஆட்களை அனுப்பிக் கைபீதுகளை, அதாவது ஊர் வரலாற்றுக் குறிப்புகளை, எழுதி வாங்கியவர், பிற்பாடு இந்தியாவின் முதல் சர்வேயர் ஜெனரல். ஜாவாவிலும் அவர் அதையே செய்தார். நிலவுரிமையை ஆராய்ந்தார், பிரம்பானான் இடிபாடுகளைப் பார்த்துக் குறிப்பெடுத்தார், சுவடி சேர்த்தார். மாலாங் பக்கம் ‘பத்து’ (Batu) என்ற நகருக்கு அருகே நின்ற இந்தக் கல் அவர் வழியாகத்தான் ராஃபிள்ஸ் கைக்குப் போகிறது. ராஃபிள்ஸை ஜாவாவின் துணை கவர்னராக நியமித்தவர் மிண்டோ. நன்றிக்கடன் பெரிது. ஆளுயரத்தை மிஞ்சிய, நான்கு டன்னுக்கு நெருக்கமான கல்லை மலையிலிருந்து இறக்கிக் கப்பலேற்றிக் கல்கத்தாவுக்கு அனுப்பினார்கள். அங்கிருந்து ஸ்காட்லாந்து.

மெக்கன்சியைப் பற்றி எழுதும்போது எனக்குக் கை தடுமாறுகிறது. அவர் இல்லாவிட்டால் நமக்குக் கிடைத்திருக்காத செய்திகள் ஏராளம். ஆனாலும் அதே ஆண்டுகளில், 1812 ஜூனில், யோக்யகர்த்தா அரண்மனையைப் பிரிட்டிஷார் தாக்கிச் சூறையாடியபோது சுல்தானின் சுவடிகளைப் பங்கு போட்டுக்கொண்டவர்களில் ராஃபிள்ஸும் மெக்கன்சியும் உண்டு. அதில் 75 சுவடிகளின் மின்படிகளை மட்டும் பிரிட்டிஷ் நூலகம் 2019இல் சுல்தானிடம் கொடுத்தது. மூலம் லண்டனிலேயே இருக்கிறது. அறிவுத் தாகமும் கொள்ளையும் ஒரே ஆளிடம், ஒரே பயணத்தில் இருக்க முடியும். ஒன்றைச் சொல்லி மற்றொன்றை மறைக்க எனக்கு விருப்பமில்லை.

மிண்டோவுக்குக் கல் மிகவும் பிடித்துவிட்டது. தம் ஊர்ப் பாறைக்குன்றின் மேல் இந்த ஜாவாப் பாறையை ஏற்றி வைக்க ஆசையாக இருக்கிறது, நம் தலைகள் வேறு கற்களுக்கு அடியில் போன பிறகும் அது நம்மைப் பற்றிக் கீழ்த்திசைக் கதைகளைச் சொல்லிக்கொண்டிருக்கும் என்ற பொருளில் ராஃபிள்ஸுக்கு எழுதினார். அந்த வரியை முதலில் படித்தபோது எனக்கு வந்த கோபம் இன்னும் ஆறவில்லை. நம்மைப் பற்றி! கல் முழுக்க ஊர்ப்பெயர்களும் வரிப்பெயர்களும் சாட்சிகளின் பெயர்களும் நெருக்கி வெட்டியிருக்கின்றன. அது ஏற்கெனவே ஒரு கதையைச் சொல்லிக்கொண்டிருக்கிறது. அதன் மேல் தம் கதையை ஏற்ற ஒரு மனிதருக்கு மனம் வந்தது, அவர் கெட்டவர் என்பதால் அன்று. சொந்த எஸ்டேட்டில் நிறுத்திய எதுவும் தம்மைப் பற்றியே பேசும் என்ற வழக்கத்தில் வளர்ந்தவர் அவர்.

அந்தக் காலத்தில் அது ஒரு மோகம். சிங்கோசாரி என்ற ஊர் இதே மாலாங் வட்டாரத்தில்தான் இருக்கிறது. அங்குள்ள கோயிலின் துர்க்கை, கணேசர், நந்தீஸ்வரர், மகாகாளர் சிலைகளை எங்கல்ஹார்ட் என்ற டச்சு அதிகாரி, பிரிட்டிஷார் வருவதற்குச் சில ஆண்டுகள் முன்பே பெயர்த்து, செமாராங்கில் தம் வீட்டுத் தோட்டத்தில் அலங்காரமாக நிறுத்தினார். அங்கிருந்து அவை ஹாலந்துக்குப் போயின. எதற்குச் சொல்கிறேன் என்றால், அந்த நான்கு சிலைகளும் 2023இல் இந்தோனேசியாவுக்குத் திரும்பிவிட்டன. நெதர்லாந்து அரசு அந்த ஆண்டு திருப்பிக் கொடுத்த 478 பொருள்களில் அவையும் அடக்கம். பௌத்த தேவியான பிரஜ்ஞாபாரமிதாவின் புகழ்பெற்ற சிலையை 1978லேயே கொடுத்துவிட்டார்கள்.

உங்கள் கணவர் சொல்வதற்கு வருகிறேன். அவர் சிரிப்பில் வலி இருக்கிறது, அதை நான் தள்ளவில்லை. கல்வெட்டுள்ள அதிட்டானத்தில் (கோயிலின் அடித்தளத்தில்) பெயிண்ட் அடிப்பதையும், மணல்வீச்சு செய்து எழுத்தையே தேய்த்துவிடுவதையும், எழுத்துள்ள பலகைக்கல்லைப் படிக்கட்டாகப் போட்டிருப்பதையும் நானும் பார்த்துப் பொருமியிருக்கிறேன். ஆனால் ‘கொண்டுபோனதால் பிழைத்தது’ என்ற வாதம் இந்தக் கல்லுக்குப் பொருந்தாது.

சங்குரானுக்கு அடுத்த ஆண்டு, 929இல், சிண்டோக் அரசனான பிறகு வெளியிட்ட துர்யான் கல்வெட்டு அதே மாலாங் வட்டாரத்தில், துரேன் பகுதியில், நட்ட இடத்திலேயே நிற்கிறது. ஆயிரம் ஆண்டு வெயிலும் மழையும் எரிமலைச் சாம்பலும் அதை அழிக்கவில்லை. யாரும் தூக்கிக்கொண்டு போகாததால் அது தொலைந்துவிடவில்லை. சங்குரான் கல்லோ வேறு ஒரு வானிலைக்குப் போனது. ஸ்காட்லாந்துத் தென்பகுதியில் டீவியட் ஆற்றின் பள்ளத்தாக்கு, ஈரமும் உறைபனியும் மாறி மாறி வரும் இடம். கல்லின் நுண்துளைகளுக்குள் இறங்கிய நீர் உறையும்போது ஏறத்தாழ ஒன்பது சதவீதம் விரியும். ஒவ்வொரு குளிர்காலமும் எழுத்தின் ஓரங்களை உள்ளிருந்தே நெம்பும். படங்களைப் பார்த்தால், எழுத்து வரிசைகளின் மேல் சாம்பல் பச்சையாகக் கற்பாசி திட்டுத்திட்டாகப் படர்ந்திருப்பது தெரியும். மேலே கூரை இல்லை. மிண்டோவின் மாளிகையையே 1990களின் தொடக்கத்தில் இடித்துவிட்டார்கள். யாருடைய புகழைச் சொல்வதற்காகக் கல் கொண்டுவரப்பட்டதோ அவர் வீடே இல்லை, கல் மட்டும் தோட்டத்தில் நிற்கிறது.

இன்னொன்று. கிராமத்துக் கோயில் சுவரில் உள்ள கல்வெட்டை யாரும் போய்ப் படிக்கலாம். பூசாரி கொஞ்சம் முணுமுணுப்பார், பிறகு அவரே தண்ணீர் ஊற்றிக் கழுவிக் கொடுப்பார். தனியார் நிலத்துக் கல்லுக்கு அனுமதி வேண்டும். ஜாவாவில் பழைய ஜாவானிய மொழி படிக்கும் மாணவன், தன் சொந்த ஊரின் ஆவணத்தைத் தொட்டுப் பார்க்கப் பதினோராயிரம் கிலோமீட்டருக்கு மேல் பறந்துபோய், ஒரு குடும்பத்தின் இசைவுக்குக் காத்திருக்க வேண்டும்.

உங்கள் ஊரையே எடுத்துக்கொள்ளுங்கள். சிங்கப்பூர் ஆற்றின் முகத்துவாரத்தில் எழுத்துகள் நிறைந்த பெரிய பாறை ஒன்று இருந்தது. 1843இல் கால்வாயை அகலப்படுத்துவதற்காக அதை வெடி வைத்துத் தகர்த்தார்கள். தகர்த்தவர்கள் உள்ளூர் மக்கள் இல்லை, கம்பெனி அரசு. எஞ்சிய துண்டுகளில் சில கல்கத்தாவுக்குப் போயின. ஒரு துண்டு மட்டும் பிற்பாடு சிங்கப்பூருக்குத் திரும்பி வந்து உங்கள் தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அந்த எழுத்தை இன்றுவரை யாராலும் வாசிக்க முடியவில்லை. முழுப் பாறையும் இருந்திருந்தால் வாசித்திருக்கலாம் என்ற ஏக்கம் கல்வெட்டாய்வாளர்களுக்குத் தீராது. அடுத்த முறை அங்கே போகும்போது அதன் முன்னால் கொஞ்ச நேரம் நில்லுங்கள். ஆங்கிலேயர் காப்பாற்றினார்கள் என்று பேசுவோருக்குக் காட்டுவதற்கு அதைவிட நல்ல கல் இல்லை.

கல்கத்தா என்றதும் நம் பக்கத்து உண்மையையும் பேசியாக வேண்டும். சங்குரான் கல்லோடு ஜாவாவை விட்டுப் போன இன்னொரு கல் உண்டு. புச்சாங்கான் கல்வெட்டு. அது ஸ்காட்லாந்து போகவில்லை, கல்கத்தாவிலேயே தங்கிவிட்டது. அரசன் ஐர்லங்காவின் கல்வெட்டு, 1041ஆம் ஆண்டைச் சேர்ந்தது. ஒரு முகத்தில் சமஸ்கிருதம், மறுமுகத்தில் பழைய ஜாவானியம். 1016 வாக்கில் எதிரிகள் தலைநகரை எரித்து அரச குலத்தையே அழித்தபோது, பதினாறு வயதுப் பையனான ஐர்லங்கா காட்டுக்குள் தப்பியோடித் துறவிகளிடையே வளர்ந்து நாட்டை மீட்ட கதை அதில் இருக்கிறது. கடாரம் கொண்ட ராஜேந்திர சோழனின் சமகாலத்தவன் ஐர்லங்கா. 1025இல் சோழர் கடற்படை ஸ்ரீவிஜயத்தை நொறுக்கியது ஐர்லங்காவின் எழுச்சிக்கு வழி திறந்தது என்று வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள். கிழக்கு ஜாவாவின் பிறப்புச் சான்றிதழ் என்று சொல்லத்தக்க அந்தக் கல், நெடுங்காலம் இந்திய அருங்காட்சியகத்தின் கிடங்கில் பார்வையாளர் கண்ணில் படாமல் கிடந்தது.

மிண்டோ குடும்பத்தின் மேல் எனக்கு வரும் கோபம், நம் அரசு அருங்காட்சியகத்தின் மேலும் வர வேண்டும். ஸ்காட்லாந்தில் உள்ளது தனியார் சொத்து, விலை, வாரிசுரிமை என்று சட்டச் சிக்கல்கள் சூழ்ந்தது. பல ஆண்டுகளாக இந்தோனேசியா பேசிப்பார்த்தும் எளிதில் முடியாததற்கு அது ஒரு காரணம். கொல்கத்தாவில் உள்ளது அரசின் கையில் இருக்கிறது. லெய்டனுக்குப் போன ஆனைமங்கலம் செப்பேடுகள் நமக்கு வேண்டும் என்று உரத்த குரலில் கேட்டவர்கள் நாம். அதுவும் ஒரு நிலக்கொடை ஆவணம்தான், நாகப்பட்டினத்தில் ஸ்ரீவிஜய அரசன் எடுத்த விகாரத்துக்கு ராஜராஜன் கொடுத்த ஊர். கடலுக்கு அப்பால் இருந்து வந்தவனுக்கு நாம் எழுதிக் கொடுத்த ஆவணத்தைத் திரும்பக் கேட்கும் உரிமை நமக்கு இருந்தால், கடலுக்கு அப்பால் எழுதப்பட்ட ஆவணத்தை நம் கிடங்கில் வைத்துக்கொள்ளும் உரிமை எங்கிருந்து வரும்? சங்குரானைப் பற்றி எடின்பரோவை நோக்கிப் பேசும் இந்தியர் யாரும் முதலில் இந்திய அருங்காட்சியகம் இருக்கும் கொல்கத்தாவின் சௌரங்கி சாலையில் நின்று பேச வேண்டும்.

ஜகார்த்தாவில் பழைய தானா அபாங் கல்லறைத் தோட்டத்தை அருங்காட்சியகமாக்கியிருக்கிறார்கள். லேடனின் கல்லறையும் ஒலிவியா ராஃபிள்ஸின் கல்லறையும் அங்கே இருக்கின்றன. தங்களை வென்று, தங்கள் சுவடிகளை எடுத்துக்கொண்டு போனவர்களின் கற்களை அந்த நாடு பேணுகிறது. டென்ஹோம் ஊரிலிருந்து யாராவது போனால் தங்கள் ஊர்ப் பிள்ளையின் பெயரை அங்கே வாசிக்கலாம். மாலாங்கிலிருந்து போகிறவருக்கு மிண்டோ எஸ்டேட்டில் அந்த உரிமையும் இருக்க வேண்டும் என்று கேட்பது அதிகமா?

திரும்பினால் எங்கே வைப்பது என்ற கேள்வியும் உண்டு. ஜகார்த்தாவில் நாட்டின் பெரிய அருங்காட்சியகத்தில் என்பார்கள். எனக்கு அதில் முழுச் சம்மதம் இல்லை. ஸ்காட்லாந்துத் தோட்டத்தைவிட அது ஆயிரம் மடங்கு மேல்தான். ஆனாலும் அந்தப் ‘பத்து’ நகருக்குப் பக்கத்தில், மலை தெரியும் இடத்தில், கூரை போட்டு நிறுத்தினால் அந்த ஊர்ப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டுப் போகும் வழியில் பார்ப்பார்கள். அங்கே இன்றும் கொல்லர்கள் இருப்பார்கள்.

கடைசியாக உங்கள் கணவருக்கு ஒரு வேண்டுகோள். அவர்கள் குலதெய்வக் கோயிலின் கல்வெட்டு அழிந்துவிட்டது என்று முடிவு கட்ட வேண்டாம். 1887 முதலே இந்தியத் தொல்லியல் துறையின் கல்வெட்டுப் பிரிவு ஊர் ஊராக மைப்படி எடுத்து ஆண்டறிக்கை வெளியிட்டுவருகிறது. தாலுகா பெயரையும் ஊரின் பழைய பெயரையும் வைத்து அந்த அறிக்கைகளில் தேடச் சொல்லுங்கள், பெயிண்ட் ஏறுவதற்கு முன்பே யாராவது படியெடுத்திருக்கலாம். இல்லையென்றால் மாவட்டத் தொல்லியல் அலுவலருக்குப் புகைப்படத்தோடு எழுதலாம். ஆர்வத்தில் தாமே அமிலம் ஊற்றியோ கம்பித் தூரிகையால் தேய்த்தோ பெயிண்டை எடுக்க முயல வேண்டாம், பூச்சோடு சேர்ந்து எழுத்தும் போய்விடும். கும்பாபிஷேகத்துக்கு நாள் குறிக்கும்போதே அறங்காவலர்களிடம் பேசுவது நல்லது, வேலை தொடங்கிய பிறகு யாரும் கேட்கமாட்டார்கள். வரிகள் ஏதேனும் தெரிகிற மாதிரிப் படம் கிடைத்தால் எனக்கும் அனுப்புங்கள். வாசிக்கத் தெரிந்த நண்பர்கள் இருக்கிறார்கள்.

அன்புடன்,
ஆசிரியர்